ஏலக்காரரின் மேல்வரிசை

தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, நெய்மீன் ஏலம் ஏழாயிரத்து எண்ணூறைத் தொட்ட நேரத்தில், சிலுவைமுத்து அண்ணனின் மேல்வரிசைப் பல்செட் கழன்று மீன்மேல் விழுந்தது. எட்டாயிரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ‘எட்’ வந்தது. மிச்சம் மீன்மேல் கிடந்தது.

“ஏட்டி, அண்ணன் பல்லையும் சேத்தாக்கும் ஏலம் போடுதாரு!” என்றாள் மீன்காரி ஒருத்தி.

“பல்லுக்குத் தனி விலையா, இல்ல மீனோட சேத்தா?” என்றாள் இன்னொருத்தி.

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் குனிந்து பல்லை எடுத்தார், கால் நனையும் அலையில் கழுவினார், மாட்டினார், எட்டாயிரத்து ஐம்பதில் ஏலத்தை முடித்தார். சிரிக்காமல் நின்றவர் ஒரே ஒருவர். வள்ளக்காரர் சங்கத்துத் தலைவர் ஆன்றோ. வியாபாரம் பழகியவனுக்குத் தெரியும், சிரிக்கிறவர்களால் ஒரு கெடுதலும் கிடையாது.

என் பெயர் கிருஷ்ணமணி. திங்கள்சந்தையில் அப்பாவுக்கு வாழைக்குலை மண்டி. நான் பேசக் கற்றதே பேரத்தில்தான். பதினெட்டு வருடமாக இந்தக் கரையில் மீன் எடுத்துக் கேரளாவுக்கு அனுப்புகிறேன். அந்தப் பதினெட்டு வருடமும் இங்கே ஏலக்காரர் சிலுவைமுத்து அண்ணன்தான். அவர் விலையை ஏற்றுவார், நான் இறக்கப் பார்ப்பேன். முடிந்ததும் இருவரும் ஒரே கடையில் சாயா குடிப்போம்.

கடற்கரையில் ஏலக்காரனுக்குத் தொண்டைதான் முதல். அலைச்சத்தத்தையும் காற்றையும் தாண்டி, நாற்பது பேருக்கு நடுவில் எண்கள் இடைவெளி இல்லாமல் ஏற வேண்டும். ஒரு மூச்சு தடுமாறினால் வியாபாரி யோசிக்க ஆரம்பித்துவிடுவான். யோசித்தால் விலை அங்கேயே நின்றுவிடும். அண்ணனுக்கு மேல்பற்கள் எல்லாம் போய் ஏழெட்டு வருடமாகியிருந்தது. முதலில் இறுகப் பிடித்த பல்செட், ஈறு தேயத் தேய ஆட ஆரம்பித்தது. பசை போட்டுப் பார்த்தார். ஆயிரம் என்றால் பிடிக்கும், ஐயாயிரம் என்றால் இறங்கும்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த டிஜோ, பேட்டரி ஒலிபெருக்கி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏலம் விட வாய்ப்புக் கிடைக்குமா என்று கரையில் சுற்றிக்கொண்டிருந்தான். நல்ல பயல்தான். வயது முப்பத்திரண்டு, பல் முப்பத்திரண்டு. வருடா வருடம் ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு வள்ளக்காரர்கள் கூடி அந்த வருடத்து ஏலக்காரரைத் தீர்மானிப்பார்கள். இதுவரை அந்தக் கூட்டம் சாயா குடித்துக் கலைகிற கூட்டமாகத்தான் இருந்தது. இந்த முறை அப்படி இருக்காது என்று ஆன்றோவின் முகம் சொன்னது.

“மணி, எனக்கு வேற சோலி தெரியாது மக்கா,” என்றார் அண்ணன், சாயாக்கடையில். “கடல்ல போவ முதுகு விடாது. ஏலமும் போச்சுன்னா நான் கரையில நிக்கதுக்கு என்ன காரணம் சொல்லுவேன்?”

மார்த்தாண்டத்தில் சபிதா என்ற பல் டாக்டரைப் பற்றி என் மச்சினன் சொல்லியிருந்தான். தாடை எலும்பில் திருகாணி மாதிரி ஒன்றை முறுக்கி, அதன்மேல் அன்றைக்கே பல்வரிசையை இறுக்கிவிடுவார்களாம். சாதாரணமாக ஆணி எலும்போடு சேர ஆறு மாதம் காத்திருந்துதான் பல் வைப்பார்கள். எங்களிடம் இருந்தது ஐந்து வாரம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு இன்னொரு நோய் இருந்தது. கரையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, அவர் மனைவி குளோரி மைனிக்கு, எனக்கு. மூத்திரப்பையின் கீழே வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. இரண்டு வருடமாகத் திருவனந்தபுரத்தில் வைத்தியம். மாதம் ஒரு நாள், எலும்பு நொறுங்காமலிருக்க நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். கூடப் போகிறவன் நான்தான். கரையில் டிஸ்க் வலி என்று சொல்லி வைத்திருந்தோம். மகள் ஜெமிக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுவும் போக, புற்றுநோய்க்காரனுக்கு எந்த வள்ளக்காரன் ஒரு வருடத்து ஏலத்தைக் கொடுப்பான்?

மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் அண்ணன் கேட்டார்: “ஏலே மணி, அந்த ஊசி விசயத்த இந்த டாக்டருகிட்ட சொல்லணுமோ?”

“எதுக்கு?”

“அங்க நர்ஸ் ஒரு பேப்பர் தந்தால்லா. பல்லு பிடுங்கணும்னா மின்னயே சொல்லணும்னு.”

“பிடுங்கதுக்கு ஒங்களுக்கு மேல பல்லு எங்க இருக்கு? இது நடுகிற சோலியாக்கும்.”

அவர் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. “இல்ல, ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னா என்னவா? ஒண்ணு, மாட்டேன்னு சொல்லுவாங்க. இல்லேன்னா ஆபத்துன்னு சொல்லி விலைய ஏத்துவாங்க. ஸ்கேன் எடுக்கத்தானே போறாங்க? உள்ள என்ன கெடந்தாலும் அதுல தெரியும். அவங்க கண்ணு, அவங்க பாத்து எடுக்கட்டு. நம்ம சரக்க நாமளே ஏன் கொறச்சுப் பேசணும்?”

அண்ணன் தலையாட்டினார். அவருக்கு இது புதிய நியாயம் இல்லை. எங்கள் கரையின் ஏலமே அப்படித்தான். குவியலை ஒரு முறை கிளறிக் காட்டுவார். அடியில் கிடப்பது நேற்றைய மீனா, இன்றைய மீனா என்று அவர் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். பார்க்க வேண்டியது எடுக்கிறவன் பொறுப்பு. மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. இதை ஏமாற்று என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே கிடையாது.

டாக்டர் சபிதாவுக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த தேகம், நிதானமான பேச்சு. ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? கொஞ்சம். பீடி? விட்டு மூன்று வருடம்.

“புற்றுநோய்க்கு ஏதாவது சிகிச்சை எடுத்ததுண்டா? எலும்புக்கு ஊசி, மாத்திரை?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பேரத்துக்கு நடுவே கூட்டாளி நம் முகத்தைப் பார்த்தால் காரியம் கெட்டது என்று அப்பா சொல்வார். நான் முந்திக்கொண்டேன்.

“இல்ல டாக்டர். முதுகுல டிஸ்க்கு. தைலம் தேப்பாரு, அவ்வளவுதான்.”

அவர் ஒரு கட்டத்தில் குறி போட்டார். கடைசியில் அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் அந்த அம்மாவின் வேலைமேல் எனக்கு மரியாதை வருகிறது. எலும்பைப் பார்த்து ஆணி அடித்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலைகீழாக ஆரம்பித்தார். “முதல்ல பல்லு எங்க நிக்கணும்னு முடிவு பண்ணணும். அதுக்குத் தக்கத்தான் ஆணி,” என்றார். அளவெடுத்து, மெழுகில் ஒரு பல்வரிசை செய்து, மறுவாரம் அண்ணன் வாயில் வைத்துப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?”

“கடப்புறத்துல ஏலக்காரன்.”

“அப்ப ஏலம் விடுங்க. கேக்கட்டும்.”

“இங்க மீனில்லியே டாக்டரே.”

நான் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தேன். “இந்தா அண்ணே, நெய்மீன்.”

அவர் வெட்கத்தோடு ஆரம்பித்தார். “நூறு... நூத்தம்பது...” ஐந்நூறு வந்தபோது வெட்கம் போயிருந்தது. ஆயிரத்தில் எழுந்து நின்றுவிட்டார். வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். அருமனையிலிருந்து வந்திருந்த ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், கன்னத்தில் வீக்கத்தோடு, “ஆயிரத்து இருநூறு!” என்று கேட்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘வ’ சொல்லும்போது முன்பல்லின் நுனி கீழுதட்டில் எங்கே தொடுகிறது, ‘ச’ சொல்லும்போது காற்று எங்கே சீட்டியடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். முன்பல் இரண்டையும் சூடான கத்தியால் இளக்கி மயிரிழை உள்ளே தள்ளினார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி தள்ளினார். ஒரு பாட்டில் தண்ணீரை அன்றைக்கு ஆறு முறை ஏலம் விட்டோம்.

அந்தப் பல்வரிசையின் நகலை வாயில் வைத்தே ஸ்கேன் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் அண்ணனின் மண்டை சாம்பல் நிறத்தில் மெல்லச் சுழன்றது. டாக்டர் பேனா முனையால் காட்டினார். கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் காற்று நிறைந்த அறைகள். அதற்குள் ஆணி போய்விடக்கூடாது. ஆகவே முன்னால் நான்கு ஆணிகள் நேராக, பின்னால் இரண்டு ஆணிகள் அந்த அறைகளை ஒதுக்கிச் சாய்வாக. மொத்தம் ஆறு. ஆறையும் ஒரே பாலமாகச் சேர்த்து இறுக்கினால், தனித்தனியாக அசையாமல் ஒன்றையொன்று தாங்கும்.

பிறகு எதையோ பெரிதாக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“சாதாரணமா மேல்தாடை எலும்பு ரஸ்க் மாதிரி இருக்கும். இவருக்கு ஒக்கக் கெட்டியா இருக்கு. கீழ்த்தாடையிலகூட இப்படி அபூர்வம்.” எங்கள் பக்கம் திரும்பினார். “நிச்சயமா மருந்து ஒண்ணும் எடுக்கலியா?”

அண்ணனின் கை மடியில் வேட்டியைப் பிடித்திருந்தது. வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்தது.

“கடல்மீன் தின்னு வளந்த எலும்பாக்கும் டாக்டர்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். நான் அதோடு நிற்கவில்லை. நிற்கத் தெரியாதது என் குறை. “எலும்பு இவ்வளவு நல்லதுன்னு நீங்களே சொல்லுதிய. அப்ப ஒங்க சோலி பாதியா கொறஞ்சுல்லா? பாத்துப் போடுங்க.” அவர் குறைத்தும் தந்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் தட்டினார். “எலும்புக்குமா பேரம் பேசுவ? பொல்லாத பயலே.” எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் மாதம் கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை வேலை நடந்தது. உள்ளே எந்திரம் சுழலும் சத்தம், நிற்கும், மறுபடி சுழலும். ஒவ்வொரு ஆணியும் எவ்வளவு இறுக்கம் பிடிக்கிறது என்று அளவுகோல் வைத்த முறுக்கியில் பார்ப்பார்களாம். குறிப்பிட்ட அளவு பிடிக்காவிட்டால் அன்றைக்குப் பல் கிடையாது. உதவிக்கு இருந்த நேசபாய் அக்கா வெளியே வந்து, “ஆறும் இரும்பு மாதிரி பிடிச்சிருக்கு” என்றார். குளோரி மைனி ஜெபமாலையை முத்தமிட்டாள். மாலை நான்கு மணிக்குப் பல்வரிசை இறுக்கப்பட்டது. உதடு வீங்கி, முகம் மஞ்சளாகி, அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார்.

“எட்டாயிரம்,” என்றார்.

முழுசாக வந்தது.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, ஆலயத்துக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிற மேட்டில் கூட்டம். ஆன்றோ நேரடியாகவே பேசினார். “அண்ணே, ஒங்கமேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா சீசன் வருது.” அப்போது கரைக்கு ஒரு வள்ளம் அயிலையோடு வந்தது. அண்ணன் எழுந்து போய் அதை ஏலம் விட்டார். பக்கத்துக் கரையிலிருந்து பார்க்க வந்த வியாபாரிகளும் தங்களை அறியாமல் விலை கேட்டார்கள். ஏற்றி ஏற்றி, என்னையே நான் நினைத்ததற்குமேல் நானூறு கொடுக்க வைத்தார். டிஜோ ஒலிபெருக்கியின் வாரைக் கழற்றினான்.

“ஒமக்கு இரும்புப் பல்லாக்கும் அண்ணே. நான் வாணியக்குடி பக்கம் போறேன்.”

“நில்லுலே, சாயா குடிச்சிட்டுப் போ,” என்றார் அண்ணன்.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் கணவாயும் நெத்தோலியும் கொட்டியது. மழையில் நின்று, தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, அண்ணன் ஏலம் விட்டார். அந்தக் குரல் ஆலயத்து முற்றம் வரை கேட்கும். மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் திருவனந்தபுரம் போய் வந்தோம். டிஸ்க் வலிக்கு.

ஆடி முடியும்போது ஒரு நாள் சாயாக்கடையில் அவர் எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. வாயில் கிராம்பு வாசனை. நான்காம் நாள் கிராம்பையும் தாண்டி ஒரு நாற்றம் வந்தது. மீன் நாற்றத்தில் பதினெட்டு வருடம் புழங்கியவன் நான். இது வேறு.

“எத்தன நாளா?” என்றேன்.

“ஒரு மாசம் இருக்கும். வலி இல்ல மக்கா, அதான் விட்டுட்டேன். சீசன் முடியட்டுன்னு...”

மார்த்தாண்டத்தில் டாக்டர் விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணத்தின் ஓரத்தில் ஈறு பிளந்து, உள்ளே மஞ்சளும் சாம்பலுமாக எலும்பு தெரிந்தது. காய்ந்த சுண்ணாம்பு மாதிரி. டாக்டர் பல்வரிசையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தார். அசைந்தது.

“ஆணி இளகிட்டா டாக்டர்?” என்றேன்.

“ஆணி இளகல. ஆறும் நல்லா பிடிச்சிருக்கு. அது பிடிச்சிருக்கிற எலும்பு செத்துப்போச்சு. அந்த எலும்புதான் மொத்தமா ஆடுது.”

கையுறையைக் கழற்றினார். அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். குரல் உயரவில்லை.

“மூணாவது தடவையா கேக்கிறேன். எலும்புக்கு ஊசி போட்டீங்களா?”

நான்தான் பேச வேண்டும். அண்ணன் முந்திக்கொண்டார்.

“ரெண்டு வருசமா, மாசம் ஒண்ணு. முதுகெலும்புல கேன்சர். திருவனந்தபுரத்துல போடுதாங்க.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்த மருந்து எலும்பைக் கல்லாக்கும். கல்லாச்சுன்னா அதுக்குப் புண்ணு ஆத்தத் தெரியாது. ஸ்கேன்ல கெட்டியாத்தான் தெரியும், உயிர் இருக்கான்னு தெரியாது. ஊசி விசயம் தெரிஞ்சிருந்தா நான் உங்க வாயில கத்தியே வச்சிருக்க மாட்டேன். பல்செட்டுக்கு அடியில மெத்தை மாதிரி ஒண்ணு போட்டு, ஆடாம இருக்க வழி பாத்திருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ரெண்டு தடவை கேட்டேன்லா? எதுக்கு மறைச்சீங்க?”

“நானாக்கும் மறைச்சது,” என்றார் அண்ணன். “ஏலம் போயிரும்னு பயம். இந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் நான் சொன்னதத்தான் சொன்னான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு எவ்வளவோ பேச்சு தெரியும். செத்த கோழியைக்கூடத் தூங்குகிற கோழி என்று விற்றுவிடுவேன் என்று திங்கள்சந்தையில் சொல்வார்கள். அன்றைக்கு ‘இல்லை, நான்தான்’ என்ற இரண்டு சொல் வரவில்லை. டாக்டரே பிறகு, “அந்த எலும்பப் பாத்ததும் பழைய மருந்துச் சீட்டெல்லாம் கொண்டு வாங்கன்னு நான் கேட்டிருக்கணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் பங்குக்கு அவர் எடுத்துக்கொண்டார். என் பங்கை எடுக்க ஆள் இருந்தது.

செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் அறுவை. மேல்தாடையின் முன்பாதி வந்துவிட்டது. ஆறு ஆணியும், அதன்மேல் பற்களும், உள்ளே எலும்புமாக ஒரே துண்டாக ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். அவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டு நட்ட ஆணிகள். ஒன்றுகூட அசையவில்லை. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே எலுமிச்சம்பழம் நுழைகிற ஓட்டை. அதை அடைக்க ஒரு தகடு செய்து தந்தார்கள். ஆனால் தகடு பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சாயா குடித்தால் மூக்கில் வந்தது. பேசினால் காற்றெல்லாம் மூக்குக்குப் போய், குரல் மட்டும் உள்ளே எங்கோ கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். குளோரி மைனி பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அவரு என்கிட்ட ஒக்கச் சொன்னாரு, மணி. பஸ்ஸுல பேசினது, டாக்டருகிட்ட பேசினது, எல்லாம்.”

“மைனி...”

“நீ நல்ல வியாபாரியாக்கும்,” என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

கரைக்குச் செய்தி எட்டியது. புற்றுநோயும் எட்டியது. ஜெமியைப் பெண் கேட்ட வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். டாக்டரிடம் பொய் சொல்லித் தாடையை இழந்தவர் என்று சாயாக்கடையில் பேசிக்கொண்டார்கள். “கேட்டப்ப சொல்லியிருக்காண்டாமா? என்ன மனுசன்!” என்று ஒருவன் என்னிடமே கேட்டான். நான் கண்ணாடிக் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு, “அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்லா,” என்றேன். என்ன ஒரு பெருந்தன்மை, பாருங்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்து முதல் திங்கள், அண்ணன் கரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை தோளில் தொங்கியது, பாதி ஆள்தான் உள்ளே இருந்தார். மேலுதடு உள்ளே விழுந்திருந்தது. அவர் இல்லாத நாளெல்லாம் டிஜோவைக் கூப்பிட்டுத்தான் ஏலம் நடந்துகொண்டிருந்தது. டிஜோ அவரைக் கண்டதும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஒதுங்கினான். யாரும் சொல்லாமல் ஒதுங்கினான்.

நல்ல நெய்மீன் வந்திருந்தது. பதினான்கு உருப்படி, ஒவ்வொன்றும் கை நீளம். அண்ணன் குவியலுக்கு முன்னால் வந்து நின்றார். தகட்டை நாக்கால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். தொடங்கினார்.

எண்கள் தெரிந்தன, பதினெட்டு வருடம் கேட்டவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் சத்தம் நாலடிக்குமேல் போகவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல ஒரு முனகல். கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். பின்வரிசை வியாபாரிகள் காது கேளாமல் பக்கத்திலிருப்பவனைப் பார்த்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. மீன்காரிகள்கூட. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

நான் ஒரு விலை கேட்டேன். அவருக்காகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் என் விலைக்குமேல் ஏற்ற வாயைத் திறந்தார். வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். ஆன்றோ அருகே வந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

“போதும் அண்ணே. நீங்க இருங்க.”

அண்ணன் அவர் கையை விலக்கினார். தானே இரண்டடி நடந்து, டிஜோவின் தோளைப் பிடித்து, அவனைக் குவியலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு போய் ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

டிஜோ ஒலிபெருக்கியைப் போட்டான். அவன் குரல் முதலில் நடுங்கியது, பிறகு சரியானது. குளச்சல் வியாபாரி ஒருவன் எனக்குமேல் இருநூறு கேட்டான். நான் அண்ணனைப் பார்த்தேன். துண்டுக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமில்லை. நான் என்ன செய்வேன் என்று பார்க்கிற பார்வை.

அன்றைக்கு எர்ணாகுளத்தில் நெய்மீனுக்கு நல்ல விலை.

“ரெண்டாந்தரம்,” என்றான் டிஜோ.

நான் கையைத் தூக்கினேன்.